ஊட்டிக்கு எப்போதுமே பாஸ் இருந்தது

கோடை வந்துவிட்டால் எங்கள் காலை நடைக் கோஷ்டியில் ஒரே புலம்பல்தான். ஊட்டிக்குப் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறதாம். "பக்கத்து ஜில்லாவுக்குப் போறதுக்கு என்னுங்க பாஸ்? அதென்ன வெளிநாடா?" என்பார் ஒருவர். "நம்ம வண்டி, நம்ம பெட்ரோல்" என்பார் இன்னொருவர். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. வங்கி வேலையில் 1983 முதல் 1990 வரை ஊட்டிக் கிளையில் ஏழு சீசன் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபிறகு நீலகிரி வரலாறு பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தும் வருகிறேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து யோசித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊட்டிக்கு எப்போதுமே பாஸ் இருந்தது. முன்பு அதை மலையே கொடுத்தது. நடுவில் ஒரு நாற்பது வருஷம் யாரும் கேட்கவில்லை. இப்போது கோர்ட் கேட்கிறது.

கதையை ஜான் சல்லிவனிடமிருந்து ஆரம்பிக்கலாம். கோயம்புத்தூர் கலெக்டரான இவர் 1819 ஜனவரியில் முதன்முதலாக மலை ஏறினார். வழி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. காட்டுக்குள் ஒற்றையடித் தடம், யானை, காட்டுக் காய்ச்சல். ஏறிப் பார்த்தவர் சொக்கிப் போனார். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு கட்டினார். பிறகு 1822-ல் உதகையில் கல் பங்களா வேலையை ஆரம்பித்தார். அந்தக் கட்டடம் இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1823-க்கும் 1825-க்கும் நடுவில் ஓடைத் தண்ணீரைத் தடுத்து ஏரியும் வெட்டினார். இன்று நாம் படகு விடுகிறோமே, அதே ஏரிதான். ஆனால் அவர் வெட்டியது இதைவிட ரொம்பப் பெரிது. ஊட்டி பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடம் அன்றைக்கு ஏரித் தண்ணீர் நின்ற இடம். வருகிறவர்களை இறக்கிவிட ஏரியைத் தூர்த்து இடம் பண்ணியிருக்கிறோம் என்பதை நான் அங்கே போய் மூன்றாவது வருஷம்தான் தெரிந்துகொண்டேன். தினமும் அந்த பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வங்கிக்குப் போவேன்.

ஆரம்ப காலத்தில் அந்த மலைக்குப் போக என்ன செலவாயிற்று என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் மெக்காலே. ஆமாம், நம் எல்லோரையும் இங்கிலீஷ் படிக்க வைத்த அதே மெக்காலே. 1834-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு ஊட்டியில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க, மதராஸில் கப்பல் இறங்கிய மெக்காலே மைசூர் வழியாக ஊட்டிக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய 400 மைல். அவ்வளவு தூரத்தையும் பல்லக்கில் வந்தார், அதாவது மனிதர்களின் தோளில். ஒரு செட் ஆள் களைத்தால் அடுத்த செட் தோள் கொடுக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், புகையில்லாத பயணம் என்றாலே உத்தமம் என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. மெக்காலேயின் பல்லக்கிலிருந்து ஒரு சொட்டுப் புகைகூட வரவில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் முழுச் சுமையும் பெயர் எழுதப்படாத நம் ஊர்க் கூலியாட்களின் தோளில் இறங்கியது. ஒருவன் சுகமாகப் போகும்போது அந்தச் சுமையை வேறு எவனோ சுமக்கிறான். அது யார் என்று பார்த்தால் அந்தப் பயணத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, குளிர் காய்ந்தார்கள். துரைகளின் பங்களா, சிப்பாய்களின் பாரக், சமையல், வெந்நீர் எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும். மலை மடிப்புகளில் இருந்த சோலைக் காடுகள் கோடாலிக்குப் போயின. சோலை மரம் வெட்டினால் மறுபடி எழுந்து நிற்க ஆயுசு போதாது. ஆகவே 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூரத் தைல மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சீக்கிரம் வளரும், சீக்கிரம் வெட்டலாம். பிற்பாடு தோதவர்களின் எருமை மேய்ந்த புல்வெளிகளும் இந்த மரங்களுக்கடியில் போயின. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டுக்கொண்டிருந்தவை அந்தப் புல்வெளியும் சோலையும்தான். மேட்டுப்பாளையம் தாண்டியதும் ஜன்னலைத் திறந்து "ஆகா, ஊட்டி வாசனை வந்துடுச்சு" என்கிறோமே, அது நீலகிரியின் வாசனை இல்லை, நண்பர்களே. இருநூறு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தவர்கள் குளிர் காய நட்ட விறகின் வாசனை.

இனி ரயில். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல் ரயில் வந்தது. அதற்குமேல் குதிரை பூட்டிய டோங்கா வண்டி, மாட்டு வண்டி, அல்லது நடை. மலைமேல் ரயில் விடலாம் என்ற யோசனையைச் சொல்ல ஸ்விட்சர்லாந்திலிருந்து ரிகன்பாக் என்ற எஞ்சினியர் 1882-ல் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு கம்பெனி ஆரம்பித்து, அது நொடித்து, இன்னொரு கம்பெனி வந்து, ஒருவழியாக 1899-ல் குன்னூர்வரை ரயில் ஏறியது. 1908-ல் உதகமண்டலம் போய்ச் சேர்ந்தது. 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு. சாதாரண ரயில் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கிவிடும் என்பதால் கல்லாறிலிருந்து குன்னூர்வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டு பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கடியில் இருக்கும் பல் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். இரண்டு பட்டையின் பற்களும் ஒரே நேர்கோட்டில் இராது, ஒன்று விட்டு ஒன்றாக இருக்கும். அதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். கோர்த்த இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டி பள்ளத்துக்கு ஓடிவிடக்கூடாதே! ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு பிரேக்மேன் கொடியோடு நிற்பார். முன்னால் இருப்பவர் பச்சை காட்ட, அடுத்தவர் வாங்கிக் காட்ட, கடைசியில் எஞ்சின் டிரைவருக்குப் போய்ச் சேரும்.

இந்தப் பல்சக்கரப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்குமேல் போகமாட்டார்கள். ஹில்குரோவில் நின்று எஞ்சின் தண்ணீர் குடிக்கும். நாம் டீ குடிக்கலாம், குரங்கு நம் பன்னைத் தின்னும். ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டிகளும் நாலைந்துதான். சில நூறு பேருக்குமேல் ஏற முடியாது.

இதைத்தான் மலை கொடுத்த பாஸ் என்றேன். யாரும் சட்டம் போடவில்லை. அந்த ரயிலின் கட்டுமானமே ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான் என்று சொல்லிவிட்டது. ஐந்து மணி நேரம் ஏறி வந்தவன் சாயங்காலமே இறங்க மாட்டான். குறைந்தது நாலு நாளாவது தங்குவான். பெட்டி படுக்கையைக் கூலிக்குக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து நடந்தோ ஜட்காவிலோ போவான். அவன் உத்தமன் என்பதால் இல்லை, வேறு வழி இல்லாததால். எஞ்சின் புகை கக்கியது நிஜம்தான், கரியும் தின்றது, எண்ணெயும் குடித்தது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டால் இப்போது மலை ஏறும் கார்களோடு ஒப்பிட முடியுமா என்ன?

நஷ்டம் என்று சொல்லி இந்த ரயிலை மூடிவிட நினைத்த காலமும் உண்டு. நல்லவேளை, தப்பியது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அதற்குள் 'தில் சே' படத்தில் ரயில் கூரைமேல் ஆடிய ஷாருக் கானும் விளம்பரம் தேடித் தந்துவிட்டார். இன்று டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு.

நான் ஊட்டியில் இருந்த காலம் ரயிலுக்கும் காருக்கும் நடுப்பட்ட காலம். அது பஸ்ஸின் காலம். சேரன் போக்குவரத்துக் கழக பஸ் நினைவிருக்கிறதா? மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் பாதிப் பேர் எதிரே நிற்கும் மலை ரயிலுக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பர்லியாறில் பஸ் நிற்கும். கீழே பள்ளத்தைப் பார்க்காமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருக்கும் மாமிகளும், கண்டக்டரிடம் பிளாஸ்டிக் பை கேட்கும் சிறுவர்களும் இல்லாத பஸ்ஸை நான் பார்த்ததில்லை.

சீசனுக்கு வருகிறவர்களில் பலர் அப்போது மாதக் கணக்கில் தங்குகிறவர்கள். மதராஸிலிருந்து குடும்பத்தோடு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஸ்டவ், குக்கர், ஊறுகாய் ஜாடி சகிதம் வந்து இறங்குவார்கள். பணத்தை டிராப்டாக எடுத்து வந்து எங்களிடம் மாற்றுவார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் வந்து, ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தவுடன் இறங்குவார். தினம் காலை பத்து மணிக்குத் துணிப்பையோடு மார்க்கெட்டுக்கு நடந்து போய் வழியில் எங்கள் கவுன்டரில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு பீன்ஸ் என்ன விலை தெரியுமோ?" என்பார். சீசனில் காய்கறி விலை ஏறுவதைப் பற்றி உள்ளூர்க்காரர்களைவிட அவர்தான் அதிகமாகக் கோபப்படுவார்.

அந்தக் காலமும் பொற்காலம் இல்லை. மே மாதம் வந்தால் எங்கள் தெருவில் குழாயில் காற்றுதான் வரும். பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து அணைகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகிற மாதமும், ஊரில் ஜனம் பெருகுகிற மாதமும் ஒன்றுதான். லாட்ஜுக்கு லாரித் தண்ணீர் போகும். நாங்கள் குடத்தோடு நிற்போம். மலர்க் கண்காட்சி வாரத்தில் என் மனைவி மூன்று குடம் தண்ணீரில் ஒரு நாளை ஓட்டுவதற்குக் கணக்கே போட்டு வைத்திருந்தாள்.

ஆனாலும் இன்றைய நிலைமை வேறு. என் தம்பி மகன் போன வருஷம் கோவையிலிருந்து ஊட்டிக்குப் போய்விட்டு வந்தான். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம், பைக்காரா, ராத்திரி பதினோரு மணிக்கு வீடு. "எப்படிடா இருந்தது?" என்றேன். "சூப்பர் பெரிப்பா. ஆனா ஒம்போது மணி நேரம் கார்லயே இருந்தோம்" என்றான். தொட்டபெட்டாவில் இறங்கி நின்றது இருபது நிமிஷமாம்.

நான் வங்கிக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு குடும்பம் ஏழு நாள் தங்குகிறது என்று வையுங்கள். ஒரு தடவை ஏறுகிறது, ஒரு தடவை இறங்குகிறது. அதே ஏழு நாளில் ஏழு குடும்பம் ஒவ்வொரு நாளாக வந்து போனால் ஏழு கார் ஏறி, ஏழு கார் இறங்கும். ஒரு ராத்திரி தங்கினால் ஏழு தடவை போர்வை துவைக்க வேண்டும், அதுவும் மே மாதத் தண்ணீரில். ஊரில் இருக்கும் தலைக் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். சுமை ஒன்றல்ல. உள்ளூர் மளிகைக் கடைக்காரருக்கு முதல் குடும்பம் அரிசி பருப்பு வாங்கியது. மற்ற ஏழும் வீட்டிலிருந்து சிப்ஸ் பாக்கெட் கொண்டுவந்து, காலிப் பாக்கெட்டை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றன.

சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 20,000 வாகனம் போகிறது என்று 2024-ல் அரசாங்கமே ஐகோர்ட்டில் கணக்குக் கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலையே சரிந்து ரோட்டையும் ரயில் பாதையையும் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும். 2009-லும் மலை முழுக்கச் சரிந்து பல உயிர்கள் போயின. அகலப்படுத்துங்கள் என்று சொல்வது சுலபம். அந்த மலையை எவ்வளவு செதுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு படுகர் குடும்பத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். கேத்திப் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்தவர். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பெரியவள் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு போட்டவர். வாத்தியார் காலமானபின் மகனோடு இருந்தார். சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்காவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றி இறங்கினால் குன்னூருக்கும் பர்லியாறுக்கும் நடுவில் நிற்கிறது வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டரை மணி நேரம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மகன் சொன்னான்: "யாரும் வேணும்னு மறிக்கலீங்க சார். சைரன் கேட்டு எல்லாரும் ஒதுங்கத்தான் பார்த்தாங்க. ஒதுங்க எடமே இல்லீங்க. ஒருத்தர் கார்லேருந்து எறங்கி அழுதுட்டாரு."

அக்கா பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் கடைசிவரை வரவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் வந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டோம். அப்படிச் சொல்ல முடியாது, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்பதை மட்டும்தான் சொல்ல முடியும் என்றார். அதற்குமேல் நானும் சொல்லவில்லை. ஆனால் யாராவது "நம்ம வண்டி, நம்ம பெட்ரோல்" என்றால் எனக்கு அக்காவின் இடது கைதான் கண்ணில் படும். பல்லக்குத் தூக்கியவர்களைப்போல இதுவும் பெயர் எழுதாத கணக்கு.

பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரியைப் பாராட்ட வேண்டும். நாடே பிளாஸ்டிக் பையில் சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தபோது, 2000-ஆம் ஆண்டுவாக்கில், அங்கே கலெக்டராக இருந்த சுப்ரியா சாஹு பிளாஸ்டிக் பைக்கு எதிராக ஒரு இயக்கமே நடத்தினார். அப்போது நான் மாற்றலாகி வந்துவிட்டேன். ஆனால் மலைமேல் கடைக்காரர் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பதையும், செக்போஸ்ட்டில் பையைச் சோதிப்பதையும் பார்த்துவிட்டு வந்து இங்கே சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் தடை வந்தது 2019-ல்தான். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை போட்டு, பதிலுக்கு நாணயம் போட்டால் தண்ணீர் வரும் ஏ.டி.எம். வைத்தார்கள். தடை மட்டும் போட்டு மாற்று தராமல் இருந்திருந்தால் ஒரு வாரம்கூட நின்றிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள். காட்டில் வீசிய சாராய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற விவகாரம் ஐகோர்ட்வரை போய், 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. எத்தனையோ விழிப்புணர்வு ஊர்வலம் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. நாம் சின்ன வயதில் சோடா பாட்டிலுக்கு டெபாசிட் கொடுத்தவர்கள்தானே, நமக்கு இது புதிதா?

இப்போது இ-பாஸுக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் கடைசியில் ஐகோர்ட் உத்தரவு போட்டு, மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. முதல் வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். கணக்கெடுப்புதான் நோக்கம். 2025-ல் உச்சவரம்பு வந்தது: ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் வேலையைச் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு.

ஊட்டி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிற குதிரைக்காரரும், வர்க்கி போடுகிற பேக்கரிக்காரரும், கேரட் கட்டி விற்கிற பாட்டியும் என் கவுன்டருக்கு வந்தவர்கள்தான். ஜூன் மாதம் அவர்கள் பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் அந்த வருஷ சீசன் எப்படி என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்த ஏற்பாட்டில் இருக்கும் குறை வேறு. இது வண்டியை எண்ணுகிறது, ஆளை எண்ணவில்லை, தங்கும் நாளையும் எண்ணவில்லை. ஒருவன் தனியாகக் காரில் வந்து மத்தியானமே இறங்கினாலும் ஒரு பாஸ், ஐந்து பேர் வந்து ஒரு வாரம் தங்கினாலும் ஒரு பாஸ். எத்தனை நாள் தங்குகிறவருக்கு முதலில் கொடுக்கலாம் என்று யாராவது யோசித்தால் பேக்கரிக்காரருக்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது.

ஆனால் எங்கள் கோஷ்டியில் பலர் கவனிக்காத ஒன்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கும் ரயிலில் போகிறவருக்கும் பாஸ் வேண்டாம். உச்சவரம்பும் கிடையாது. கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் உங்களை ஒன்றும் கேட்காது. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் என்றால் ரோட்டில் பத்துப் பதினைந்து கார் குறைந்தது என்று அர்த்தம். மேலே போனபிறகு சீசனில் பார்க்க வேண்டிய இடங்களை இணைத்துச் சுற்றுப் பேருந்து விடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் தொட்டபெட்டாவுக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

நானும் என் மனைவியும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுகிறோம். மே மாதம் போவதை விட்டுப் பல வருஷமாயிற்று. செப்டம்பர், அக்டோபரில், உள்ளூர்க்காரர்கள் இரண்டாம் சீசன் என்பார்களே, அப்போதுதான் போகிறோம். மழை விட்டு மலை கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். அணையில் தண்ணீர் இருக்கும். ரூம் வாடகையும் பாதி. குறைந்தது நாலு ராத்திரி தங்குவோம். பொட்டானிக்கல் கார்டனில் ஒரு முழுக் காலை உட்கார்ந்திருப்போம். 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் வந்து சதுப்பாகக் கிடந்த சரிவைத் திருத்திப் போட்ட தோட்டம் அது. இருபது நிமிஷத்தில் பார்க்கிற விஷயம் இல்லை. ஒரு நாள் லவ்டேல்வரை ரயிலில் போய், அங்கிருந்து மெதுவாக நடந்து திரும்புவோம். இறங்குமுகமாக வந்தால் முழங்காலுக்குத்தான் கஷ்டம் என்று டாக்டர் சொல்கிறார், அதனால் நடுவில் டீக்கடை இருக்கும் வழியாகப் பார்த்து வருவோம்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு நம் வீட்டுப் பித்தளைக் கூஜா எடுத்துப் போகாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் ஏ.டி.எம். குழாய்க்கடியில் நிற்காது. நான் முயன்று சட்டையை நனைத்துக்கொண்டேன். வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில்தான் சரி. அப்புறம் ஐந்து ரூபாய் நாணயம் ஒரு பத்துப் பதினைந்து முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் சில்லறை கிடைப்பது அந்தக் காலத்திலிருந்தே கஷ்டம். ஏழு வருஷம் அங்கே கவுன்டரில் உட்கார்ந்து சில்லறை இல்லை, சில்லறை இல்லை என்று சொன்னவன் சொல்கிறேன்.